உடை இருக்கிறது, உடம்பைக் காணோம்

காணாமல் போனது உடம்பு. உடை பத்திரமாக இருந்தது.

காலையில் இதைப் போனில் சொன்னவன் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். சொன்னவர் என்றுதான் எழுத வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், மரியாதை மெதுவாக வரும். என் மனைவியோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர். அவளை நீ, வா, போ என்று பேசுகிற உரிமை இந்த உலகத்தில் அவள் அம்மாவுக்கும் இவருக்கும் மட்டும்தான் இருக்கிறது. எனக்குக் கிடையாது. துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது அவள் பெயர். நான் வீட்டில் கணவன், வேலை நேரத்தில் உதவியாளர், கூப்பிடுவது மேடம். கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, குறை சொல்ல முடியாது.

கிளம்பும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தச் சட்டையை மாத்திக்கிட்டு வாங்க."

"மத்த கேஸுக்கெல்லாம் இதைப் போட்டுக்கிட்டுத்தானே வந்தேன், மேடம்?"

"மத்த கேஸெல்லாம் அருங்காட்சியகத்துலயா நடந்துச்சு?"

மாற்றிக்கொண்டேன். வயிறு லேசாக எரிய ஆரம்பித்தது. காலையில் சாப்பிட்டது அப்படி ஒன்றும் காரமில்லை.

கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணே தெரியவில்லை. வெளிச்சம் பட்டால் பட்டின் சாயம் வெளுத்துப்போகும் என்று விளக்குகளையெல்லாம் குறைத்து வைத்திருந்தார்கள். கண் பழகியதும் சுற்றிலும் ஆட்கள் நிற்பது தெரிந்தது. பழைய நாடகத் தளபதியின் சிவப்புக் கோட்டு, முதல் பேசும் படத்தின் கதாநாயகி கட்டிய சரிகைத் துணி, கோமாளியின் தொளதொளப் பைஜாமா. எல்லாம் கம்பீரமாக நின்றன. ஒன்றுக்கும் தலை கிடையாது.

"மேடம், இங்கே வேலை பார்க்கிறவங்களுக்காவது தலை இருக்கானு முதல்ல பார்த்துடலாம்."

"சும்மா வாங்க."

காப்பாட்சியருக்குத் தலை இருந்தது. அந்த வயதில் இருக்கக்கூடாத அளவு முடியும் இருந்தது.

"வா வா. நீ கொஞ்சம்கூட மாறலை" என்று என் மனைவியிடம் சொன்னார். "காபி சொல்லட்டுமா? சர்க்கரை இல்லாமதானே?"

இத்தனை வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறார் பாருங்கள். எனக்குச் சர்க்கரை போட்டு என்றேன். காபி வந்தது. எனக்கும் சர்க்கரை இல்லாமல்தான் வந்தது.

கூடத்தின் நடுவில் உயரமான ஒரு மேடை. அதில் வெறும் இரும்புக் கம்பி நட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியின் முதுகில், உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டிப் போட்ட ஒரு நீலப் பட்டு அங்கி.

அந்த அங்கியை யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் தலைமுறையில் அந்தப் படத்தின் மாடிப்படிக் காட்சியைப் பார்க்காதவர் இல்லை. சிம்மாசனம் வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிட்டு ராணி படியிறங்கிப் போவார். கேமரா பின்னாலேயே நிற்கும். கழுத்தை உயரமாக மூடி முதுகை முழுக்கத் திறந்து வெட்டிய நீல அங்கி படிக்குப் படி வழிந்து இறங்கும். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்த ஒரு நடைக்காகத்தான் அந்த நடிகையை ஊரே இன்றைக்கும் ராணியம்மா என்று கூப்பிடுகிறது. அங்கியைக் கண்காட்சிக்குக் கொடுத்ததும் அவர்தான்.

"இந்த அங்கியைப் போட்டிருந்த பொம்மையைத்தான் காணோம்" என்றார் காப்பாட்சியர். "யார் எடுத்தாங்கன்னும் தெரியும். பொம்மையை வரவைக்கத்தான் நீ வேணும்."

அவர் கை காட்டிய இடத்தில் ஒரு பெண்மணி கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. அங்கே எல்லோரும் அவரைப் பொம்மைக்காரம்மா என்கிறார்கள். துணிக்கடையில் பொம்மைக்குத் தகுந்த உடையைப் போடுவார்கள். இங்கே நேர் எதிர். பழைய பட்டை இழுக்கவும் கூடாது, இறுக்கவும் கூடாது. அதனால் உடைக்குத் தகுந்த பொம்மையைச் செய்கிறார்கள். உடையை அங்குலம் அங்குலமாக அளந்து, பஞ்சும் துணியுமாகச் சுற்றிச் சுற்றி, ஒரு காலத்தில் அதைப் போட்டிருந்தவரின் உடம்பை மறுபடி உண்டாக்குவது பொம்மைக்காரம்மாவின் வேலை.

"என்ன தகராறு?" என்று கேட்டாள் என் மனைவி.

"நேத்து மத்தியானம் பழைய சினிமா ஆளுங்களைக் கூப்பிட்டு ஒரு டீ பார்ட்டி வச்சோம். விழாவுக்கு முன்னாடி அவங்க பார்க்கட்டும்னு. ராணியம்மா வந்தாங்க. பொம்மையைப் பார்த்ததுமே கத்த ஆரம்பிச்சுட்டாங்க. இது என் உடம்பே இல்லை, யாரோ மல்யுத்தக்காரி மாதிரி இருக்கு, தோளை வெட்டிக் குறைங்கன்னு. நான் சரின்னு சொன்னேன். இவங்க முடியாதுன்னுட்டாங்க."

"தோளைக் குறைச்சா அங்கி தொங்கும்" என்றார் பொம்மைக்காரம்மா. "அந்த மணி வேலை கனத்துக்குப் பட்டு கிழிஞ்சு கையோட வந்துடும். அங்கி என்ன உடம்பு கேட்குதோ அதைத்தான் நான் செய்வேன்."

"பார்த்தியா? அதான் ஒளிச்சு வச்சுட்டாங்க. சாயங்காலம் திறப்பு விழா. அதுக்குள்ள பொம்மை வரலைன்னா இவங்க வேலை போயிடும். நிர்வாகக் குழுவே சொல்லிட்டாங்க."

"எடுக்காத பொம்மையை எங்கேயிருந்து கொண்டுவர்றது? நான் எடுத்திருந்தா அங்கியை இப்படிப் புரட்டி நாற்காலில போட்டிருப்பேனா? மெத்தை விரிச்சுப் படுக்க வச்சிருப்பேன்."

"எங்களைத் திசைதிருப்ப வேணும்னே போட்டிருப்பீங்க" என்றார் காப்பாட்சியர்.

எனக்குப் பொம்மைக்காரம்மாவை உடனே பிடித்துவிட்டது. காப்பாட்சியருக்கு எதிராக யார் பேசினாலும் அன்று எனக்குப் பிடித்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவி நாற்காலிக்கு முன்னால் குனிந்து அங்கியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டிய கழுத்துப்பட்டிக்குள் ஒரு வெள்ளைக் கைக்குட்டை முக்கோணமாக மடித்துச் சுற்றிலும் செருகியிருந்தது. சலவை செய்த சுத்தமான கைக்குட்டை.

"இது உங்களோடதா?"

"இல்லை" என்றார்கள் இருவரும், அன்றைக்கு முதன்முறையாக ஒற்றுமையாக.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க முகத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டு, அப்புறம் சட்டையைத் தலை வழியாக் கழட்டினா என்ன ஆகும்?"

"வீட்டுல திட்டு விழும். காலர் பூரா வெள்ளையாயிடும்."

"ஆகாம இருக்க?"

"கழுத்துல ஏதாவது துணியை..." நான் நிறுத்தினேன். "ஆனா மேடம், இந்தப் பொம்மைக்குத்தான் தலையே இல்லையே. தலையில்லாத பொம்மைக்குப் பவுடர் ஒட்டிடும்னு யார் கவலைப்படுவா?"

"கவலைப்பட்டது மூளை இல்லை, கை. வாழ்க்கை பூரா வேஷம் கழட்டின கை. அங்கியைப் புரட்டிப் போட்டதும் அதே கைதான். வியர்வை காயட்டும்னு." அவள் நிமிர்ந்தாள். "இங்க வேலை செய்யறவங்க யாரும் இதைச் செய்யலை. நேத்து டீ குடிக்க வந்த சினிமாக்காரங்கள்ல ஒருத்தர்."

காப்பாட்சியர் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "காலேஜ்லயும் நீ இப்படித்தான்" என்றார். என்ன அப்படித்தான்? எப்படித்தான்? இரண்டு பேருக்கும் தெரிந்த, எனக்குத் தெரியாத காலேஜ் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாசற்காவலர் மீசையை முறுக்கிக்கொண்டு சத்தியம் செய்தார். நேற்று கைப்பையை விடப் பெரிய பொருள் எதுவும் இந்த வாசலைத் தாண்டவில்லை.

"எல்லாரும் வெளியே போனதைப் பார்த்தீங்களா?" என்றாள் என் மனைவி.

"ஒருத்தர் விடாம. ராணியம்மா போனாங்க, சக்கர நாற்காலில. போகும்போதே என்னைத் திட்டினாங்க, கதவை அகலமாத் திறக்கலைன்னு. எப்பவுமே அப்படித்தான், மனசு தங்கம். ரெண்டாவது தடவை போனப்போதான் பாவம், தூங்கிட்டாங்க. ஒரு வார்த்தை திட்டலை."

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ரெண்டாவது தடவையா?" என்றேன். "நடுவுல உள்ள வந்தாங்களா?"

காவலரின் கை மீசையிலேயே நின்றது. "அது... வரலை."

"வராமலே ரெண்டு தடவை போனாங்க. அப்ப ஒரு ராணியம்மா இன்னும் உள்ளேயே மைனஸ்ல இருக்காங்க."

"தூறல் போட்டுச்சுங்க. தலையிலேருந்து கால் வரைக்கும் சால்வை மூடியிருந்துச்சு. ஒரு அம்மா தள்ளிக்கிட்டுப் போனாங்க. நான்கூட, பத்திரமாக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன்."

ஊனமுற்றவர்களுக்காக வாசலில் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் சக்கர நாற்காலி, டாக்ஸி நிற்குமிடத்தில் அநாதையாகக் கிடந்ததாம். காலையில் யாரோ உள்ளே தள்ளி விட்டிருக்கிறார்கள். ஆக, பொம்மை ராஜ மரியாதையோடு, காவலரின் வாழ்த்தோடு வெளியேறியிருக்கிறது.

"ராணியம்மாதான்" என்றேன் காரில். "தோள் பிடிக்கலை. வெட்டவும் மாட்டேங்கிறாங்க. ஆளை விட்டுத் தூக்கிட்டாங்க."

"அப்படித்தான் தோணுது" என்றாள் அவள். அவளுக்கு முழுசாகத் தோன்றவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

"உங்க காலேஜ் நண்பர்கிட்ட போன் பண்ணிச் சொல்லலையா?"

அவள் கியர் மாற்றினாள். கொஞ்சம் வேகமாகவே மாற்றினாள்.

ராணியம்மா வீட்டு வரவேற்பறையில் சுவர் தெரியவில்லை, அத்தனை புகைப்படங்கள். சிரிக்கிற ராணியம்மா, அழுகிற ராணியம்மா, விருது வாங்குகிற ராணியம்மா. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அசல் ராணியம்மா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. ஒரு இளம் நர்ஸ் பக்கத்தில் நின்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. அலுத்துக்கொண்டார்.

"நான் எடுத்தேனா? அந்த அங்கிக்கு ஹூக் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது. போட்டுவிட ஒருத்தி, கழட்டிவிட ஒருத்தி, அப்படி இருந்தவ நான். சின்ன வயசுலயே என் செருப்பை நானாக் கழட்டினதில்லை. இந்தப் பொண்ணு என்னை விட்டு ஒரு அடி நகரலை. இன்னிக்கு என் விழா. என் அங்கியை நாற்காலில போட்டுட்டு நான் எதைக் காட்டப்போறேன், என் மூட்டு வலியையா?"

அதில் நியாயம் இருந்தது. தோள் பிடிக்காதவர் அதைக் குறைக்கத்தான் பார்ப்பாரே தவிர, தன் விழா நாளில் மேடையைக் காலியாக்கமாட்டார். என் மனைவி யோசனையில் ஆழ்ந்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. எத்தனை படம், எத்தனை வேஷம். எல்லாமே முகம். ஊரே கொண்டாடும் மாடிப்படிக் காட்சி மட்டும் அந்தச் சுவரில் எங்கேயும் இல்லை.

ராணியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு இந்த ஆளு, உன் புருஷனா? வந்ததிலிருந்து பார்க்கிறேன், எதையோ பறிகொடுத்தவன் மாதிரி முழிக்கிறான். யார் மேலப்பா பொறாமை?"

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"காப்பாட்சியர் மேலம்மா. இவங்க காபிக்குச் சர்க்கரை போடமாட்டாங்கன்னு இன்னும் ஞாபகம் வச்சிருக்கார். தலை நிறைய முடி வேற."

"அடப்பாவமே" என்றார் ராணியம்மா. முதல் தடவையாக முகம் இளகியது. "வா, இப்படி உட்காரு. உனக்காவது புரியும்."

உட்கார்ந்தேன்.

"அம்மா, மாடிப்படிப் படம் எங்கே?"

"அதுல இருக்கிறது நான் இல்லை." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு அப்ப முதுகெல்லாம் கொப்புளம், அம்மை போட்டிருந்துச்சு. டைரக்டர் காத்திருக்க மாட்டேன்னு ஒருத்தியை டூப் போட்டு எடுத்துட்டார். அங்கியை அவ அளவுக்குத்தான் தச்சாங்க. முகம் தெரியாதே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை தியேட்டர்ல பார்த்திருக்கார். கல்யாணத்தன்னிக்கே என்கிட்ட சொன்னார், படியிறங்கின அந்த முதுகைப் பார்த்துத்தான் விழுந்தேன், கட்டினா உன்னைத்தான் கட்டணும்னு நினைச்சேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன். வேற என்ன செய்ய? அதுக்கப்புறம் அவர் முன்னாடி நான் முதுகைக் காட்டி நடந்ததே இல்லை. அறையை விட்டுப் போறதுன்னாலும் பின்பக்கமாவே நடந்து போவேன். ராணின்னா அப்படித்தான் நடப்பானு அவருக்கு ஒரே பெருமை. அவர் கண்ணை மூடற வரைக்கும் பின்பக்கமாவே நடந்தேன். எத்தனை கதவுல இடிச்சுக்கிட்டிருக்கேன் தெரியுமா? நேத்து அங்கே போய் நிக்கிறேன், அவ முதுகு அப்படியே நிக்குது. எனக்குத் தாங்கலை. வெட்டுங்கன்னேன்."

நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று தள்ளினார்.

"அந்த டூப் இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் என் மனைவி.

"தெரியாம? நீச்சல் குளத்துக்கு மேல மாடி அறை. பச்சைக் கதவு. ஜன்னல்ல துண்டு காயும். எங்க வீட்டுக்காரர் கார் அந்தப் பக்கம் நிக்குதானு எத்தனை வருஷம் போய்ப் பார்த்திருக்கேன். ஒரு நாளும் நிக்கலை. அவருக்கு அவ இருக்கிறதே தெரியாது. இருந்தாலும் போய்ப் பார்ப்பேன்."

காரில் ஏறியதும் என் மனைவி சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மனுஷனுக்கு நான் சர்க்கரை போடமாட்டேன்னு மட்டும்தான் தெரியும். ஏன் போடறதில்லைன்னு தெரியுமா?"

"ஏன்?"

"என் பங்குச் சர்க்கரையையும் நீங்களே போட்டுக் குடிச்சிடறதால."

கார்க் கண்ணாடியை இறக்கினேன். எரிச்சல் குறைந்ததே தவிர முழுக்க அடங்கவில்லை. அந்த முடி அப்படியேதானே இருக்கிறது.

நீச்சல் குளத்தின் மாடியை அண்ணாந்து பார்த்தோம். ஜன்னலில் துண்டு காய்ந்தது. துண்டுக்குப் பின்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். அகலமான நேரான தோள்கள், இடுப்பில் குறுகி இறங்கும் முதுகு. வெறும் பஞ்சும் துணியும்தான். ஒரு நிமிஷம் நான் ராணியம்மாவின் வீட்டுக்காரரை மன்னித்துவிட்டேன்.

பச்சைக் கதவைத் திறந்தவருக்கு, குனிந்து நின்றபோதும் நல்ல உயரம். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் முதுகக்கா என்று பெயராம். குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுத்து, இப்போது வாசலில் உட்கார்ந்து துண்டு எடுத்துக் கொடுக்கிறவர். எங்களைப் பார்த்து அவர் பதறவில்லை.

"வாங்க. நாற்காலில உட்காருங்க. அவளை மட்டும் தொடாதீங்க, இப்பதான் தூசி தட்டினேன்."

என் மனைவி கைக்குட்டையை நீட்டினாள். "விட்டுட்டு வந்துட்டீங்க."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். தலை இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "கை தானாச் செருகியிருக்கு பாருங்க. காலர்ல பவுடர் பட்டா அந்தக் காலத்துல எனக்குத்தான் திட்டு. அங்கி அவங்களோடது, அழுக்கு மட்டும் என்னோடது."

"தலைக்கு என்ன வச்சீங்க, சால்வைக்குள்ள?" என்று நான் கேட்டேன். கேஸுக்கு அவசியமில்லை. ஆனாலும் தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"நீச்சல் தொப்பில காகிதத்தை அடைச்சேன். பைல எப்பவும் ஒரு தொப்பி இருக்கும்." அவர் உட்கார்ந்தார். "திருடணும்னு போகலைங்க. டீ குடிக்கத்தான் போனேன். கூடத்துல திரும்பினா நான் நிக்கிறேன். அந்த வயசுல இருந்த மாதிரியே. கீழே பலகையில அவங்க பேரு. அது பழகிப்போச்சுன்னு நினைச்சேன், பழகவே இல்லை. போஸ்டர்ல அவங்க பேரைப் பார்த்தா வயிறு எரியும். ஊரே அந்த நடையைப் பத்திப் பேசும்போது, அது நான்தான்னு யார்கிட்ட சொல்றது? முதுகைக் காட்டியா நிரூபிக்க முடியும்? ஒரு தடவை குளத்துக்கு வந்த பொண்ணு சொல்றா, அக்கா நீங்க அந்த ராணியம்மா மாதிரியே நடக்கறீங்கன்னு."

வெளியே குளத்தில் யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது.

"அப்பதான் அவங்க வந்து தோளை வெட்டுங்கன்னாங்க. அந்த ஆபீஸர் தலையை ஆட்டறார். பேரை எடுத்துக்கிட்டாங்க, சரி. உடம்பையுமா? எல்லாரும் டீ குடிக்கப் போனப்போ அவளைக் கழட்டிக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். காவல்காரர் ராணியம்மான்னு நினைச்சுக் கதவை அகலமாத் திறந்தார். மறுபடியும் அவங்களுக்கு டூப்." அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

"அந்தத் தோளைக் குறைக்கமாட்டேன்னு சொன்ன ஒருத்தங்களுக்கு இன்னிக்குச் சாயங்காலத்தோட வேலை போகுது" என்றாள் என் மனைவி. "பொம்மை செஞ்சவங்க. அவங்கதான் எடுத்தாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க."

முதுகக்காவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. "யாரு? முகம்கூடத் தெரியாத எனக்காகவா?"

"உங்க தோளுக்காக."

அவர் எழுந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சால்வையை எடுத்தார்.

திரும்பி வரும்போது பொம்மையும் நானும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். வளைவில் சாய்ந்துவிடாமல் இருக்க அதன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் என் மனைவியின் கண் தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

"விழுந்துடும், மேடம்."

"விழட்டும். தள்ளி உட்காருங்க."

காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு அந்த நிமிஷம் குளிர்ந்தது. ஓர் அங்குலம் மட்டும் தள்ளி உட்கார்ந்தேன்.

கூடத்தில் பொம்மைக்காரம்மா பொம்மையைக் கம்பியில் ஏற்றினார். அங்கியை நேராக்கி, இரண்டு கையாலும் ஏந்தி, மேலிருந்து இறக்கி, இடப்பக்கத்து ஹூக்குகளை ஒவ்வொன்றாக மாட்டினார். நீலப் பட்டு ஒரு சுருக்கம் இல்லாமல் அந்தத் தோளில் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்த பிறகு காப்பாட்சியர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார், என் முன்னாலேயே, நன்றாகவே கேட்டார். போனால் போகிறது, அவருக்கு மரியாதை கொடுத்துவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஆனால் பொம்மைக்காரம்மாவின் வேலை இன்னும் தொங்கலில்தான் இருந்தது. அங்கி ராணியம்மாவுடையது. தோளைக் குறைக்காவிட்டால் விழாவுக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று போனில் சொல்லியிருந்தார். அங்கி போனால் பழி பொம்மைக்காரம்மா தலையில்தான் விழும்.

விருந்தாளிகள் வருவதற்குமுன் ராணியம்மாவின் சக்கர நாற்காலி உள்ளே வந்தது. காவலர் இந்தத் தடவை கதவை அகலமாகத் திறந்துவிட்டு, முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் விட்டாராம். அதற்கும் திட்டு வாங்கினார்.

ராணியம்மா மேடையைப் பார்த்தார். மேடைக்குப் பக்கத்தில் பொம்மையை ஒட்டி நின்ற முதுகக்காவைப் பார்த்தார். அந்தப் படத்துக்குப் பிறகு இரண்டு பேரும் இத்தனை கிட்டத்தில் நின்றதில்லை.

"எடுத்தது நான்தான்" என்றார் முதுகக்கா. "அந்தம்மா மேல தப்பில்லை. தோளை வெட்டச் சொல்லாதீங்க."



"வெட்ட வேண்டாம்னா பலகையில அவங்க பேரையும் போடறதுதான் நியாயம்மா" என்றாள் என் மனைவி. "அங்கியே சொல்லுதே."

"போட்டுக்குங்க" என்றார் ராணியம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "என் பேருக்குக் கீழே. சின்ன எழுத்துல."

"பக்கத்துல" என்றார் முதுகக்கா. "அதே அளவுல."

பொம்மைக்காரம்மா ஹூக்கில் கை வைத்தபடியே நின்றார். காப்பாட்சியர் என் மனைவியைப் பார்த்தார், என் மனைவி என்னைப் பார்த்தாள். இதில் நான் என்ன செய்யமுடியும்? இரண்டு பேருடைய வயிற்றெரிச்சலும் எனக்குப் புரிந்தது, அதுதான் தொந்தரவு.

"திரும்பு" என்றார் ராணியம்மா திடீரென்று.

"என்னது?"

"திரும்பி நில்லு. நானும் இத்தனை காலமா சினிமாவிலதான் பார்த்திருக்கேன். நேர்ல ஒரு தடவை பார்த்துக்கிறேன்."

முதுகக்கா தயங்கினார். பிறகு சால்வையை எடுத்துவிட்டு மெல்லத் திரும்பினார்.

பொம்மையின் முதுகும் அவர் முதுகும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவருக்கு நன்றாகக் கூன் விழுந்திருந்தது. ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருந்தது. நேராக நிற்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

ராணியம்மா சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார். நர்ஸ் பிடிக்க வந்ததை விலக்கினார். கை எட்டும் தூரத்தில் நிறுத்தி, அந்தக் கூனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"அவர் இருக்கும்போதே ஒரு தடவை எங்க வீட்டுப் பக்கம் இப்படி வந்து நின்னிருக்கக் கூடாதாடி?" என்றார். "நானும் எல்லாரையும் மாதிரி நேரா நடந்திருப்பேனே."

முதுகக்கா திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து பார்த்த எங்களுக்குத் தெரியவில்லை.

ராணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பாட்சியரைக் கூப்பிட்டார்.

"பக்கத்துலயே போடுங்க."